செம்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும்



வீடோ கடையோ ஜவுளிக் கிடங்கோ தீப்பற்றினால், மறுநாள் செய்தித்தாளில் காரணம் பெரும்பாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடும்: மின்கசிவு. இந்தச் சொல் எனக்கு ஒருநாளும் நிறைவு தந்ததில்லை. குழாயில் தண்ணீர் ஒழுகுவதுபோல மின்சாரம் எங்கோ ஒழுகிவிட்டது என்று நம்மை எண்ண வைத்து, எங்கே, எப்படி, ஏன் என்ற கேள்விகளை அது மூடிவிடுகிறது. கசிவினால் வரும் விபத்தும் உண்டு. ஆனால் சுவருக்குள்ளும் சுவிட்சுப் பெட்டிக்குள்ளும் புகையும் தீக்குப் பல வேளைகளில் காரணம், கம்பியும் கம்பியும் கூடும் இடத்தில், அதாவது இணைப்பில், பிறந்த சூடு.

நல்ல கம்பி தன் அளவுக்கு உட்பட்ட மின்னோட்டத்தைச் சுமந்துகொண்டு பல்லாண்டுகள் சும்மா கிடக்கும். இணைப்பு அப்படியன்று. அதைச் செய்தவரின் கைப்பழக்கம், திருகாணியின் இறுக்கம், சுவரின் ஈரம் ஆகிய எல்லாம் அதில் வந்து சேர்கின்றன. அதிலும் செம்புக் கம்பியை அலுமினியக் கம்பியோடு சேர்த்த இணைப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். அத்தகைய இணைப்பு நம் வீடுகளில் நாம் நினைப்பதைவிட மிகுதியாக உண்டு என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பழைய வீடுகளில் தேக்குப் பட்டையை நீளவாக்கில் அடித்து, அதன்மேல் ரப்பர் உறையிட்ட செம்புக் கம்பிகளைக் கிளிப்பு வைத்துப் பொருத்தியிருப்பார்கள். தாத்தா பாட்டி வீட்டில் சிலர் இன்னும் பார்த்திருக்கலாம். பின்னர் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தது. நம் நாட்டில் செம்புத் தாது போதுமான அளவு கிடைப்பதில்லை; வெளிநாட்டிலிருந்து வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். பாக்சைட்டோ ஏராளம். நம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் அலுமினியம் எடுத்தார்கள். மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி அங்கே 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் உருக்காலையை நடத்தியது. ஆகவே 1960-களிலும் 70-களிலும் 80-களிலும் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் அலுமினியக் கம்பியையே இழுத்தார்கள். நான்கு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ என்றிருந்த காலத்தில் அது போதுமானதாகவே இருந்தது.

இன்று கட்டும் வீடுகளில் பெரும்பாலும் செம்புதான். ஆனால் பழைய வீட்டை யாரும் இடித்துவிட்டுக் கம்பி மாற்றுவதில்லை. குளியலறைக்குக் கெய்சர் வாங்குகிறோம். அப்பா படுக்கையறைக்கு ஏ.சி. மாட்டுகிறார், அம்மாவுக்கு இண்டக்ஷன் அடுப்பு வருகிறது. வருகிற எலக்ட்ரீஷியன் புதிய செம்புக் கம்பியைக் கொண்டுவந்து, அருகிலுள்ள பெட்டியைத் திறந்து, பழைய அலுமினியத்தோடு முறுக்கி, டேப்பைச் சுற்றி, மூடியைப் போட்டுவிட்டுப் போகிறார். விளக்கு எரிகிறது, தண்ணீர் சுடுகிறது. வேலை முடிந்ததென்று நாமும் கூலி கொடுத்து அனுப்புகிறோம். முழுவதும் செம்பு போட்ட புதிய வீடாயினும் இந்தக் கேள்வியிலிருந்து தப்புவதில்லை. தெருக் கம்பங்களில் ஓடுவது பெரும்பாலும் அலுமினியம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியும் பல இடங்களில் அதுவே. இரண்டும் எங்கோ ஓரிடத்தில் சந்தித்துத்தானே ஆகவேண்டும்?

அலுமினியத்தைக் கெட்ட உலோகம் என்று எண்ணிவிட வேண்டாம். செம்பின் மின்கடத்தும் திறனை 100 என்று கொண்டால் அலுமினியத்துக்கு 61 கிடைக்கும். ஆகவே ஒரே மின்தடைக்கு அலுமினியக் கம்பி சுமார் 1.6 மடங்கு பருமனாக இருக்கவேண்டும். ஆனால் செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், அலுமினியத்துக்கு 2.70 கிராம் மட்டுமே. பருமனைக் கூட்டிய பின்பும் அதன் எடை செம்பின் எடையில் பாதிக்கும் குறைவுதான். மலை தாண்டியும் ஆறு தாண்டியும் கோபுரங்களில் தொங்கும் கம்பிகளுக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் கிடையாது. வலுவுக்கு நடுவில் எஃகு இழைகளை வைத்து, சுற்றிலும் அலுமினிய இழைகளை முறுக்கியிருப்பார்கள். சங்கடமெல்லாம் வீட்டுக்குள், சிறிய திருகாணியின் அடியில் அதை நுழைக்கும்போதுதான் தொடங்குகிறது.

அளவைப் பற்றி ஒரு சொல். வயதான கம்பியாள்கள் இன்றும் கடையில் "மூணு இருபது", "ஏழு இருபது" என்று கேட்பதைக் காணலாம். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. இரண்டாவது எண் இழையின் கேஜ். கேஜ் எண் கூடக்கூட இழை மெல்லியதாகும் என்பது புதிதாகக் கேட்பவரைக் குழப்பும் வேடிக்கை. இப்போது கம்பிச் சுருளின் மேல் 1.5, 2.5, 4 என்று சதுர மில்லிமீட்டரில் போட்டிருக்கும். 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியமும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும். கண்ணுக்கு ஒரே பருமனாகத் தெரிவதால் இரண்டும் ஒரே சுமையைத் தாங்கும் என்று எண்ணுவது தவறு.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். செம்பும் அலுமினியமும் கூடும் இடத்தில் மூன்று வழியில் தொல்லை வருகிறது.

அலுமினியத்தை நாம் ஒருபோதும் நேரே தொட்டதில்லை என்றால் நம்புவீர்களா? நாம் தொடுவது அதன் தோலை. புதிதாகச் சுரண்டிய அலுமினியம் காற்றுப் பட்ட கணத்திலேயே ஆக்சிஜனோடு கூடி, மேலே ஓர் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் மூன்று நான்கு கூறு கனமே அப்படலத்துக்கு உண்டு. ஆனால் அதன் உறுதி சாதாரணமன்று. சாணை பிடிக்க உதவும் குருந்தக் கல்லும் அலுமினிய ஆக்சைடுதான். மாணிக்கமும் நீலக்கல்லும் சிறிது வேறு உலோகக் கலப்போடு அதுவேதான். (குருந்தம் என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர் கொரண்டம் என்று எடுத்துக்கொண்டனர்.) அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். அந்த ஆக்சைடு உருகுவதற்கோ 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும்.

இந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். கருஞ்சாம்பல் நிறத்தில் விற்கும் அனோடைஸ் செய்த வாணலியில் இந்தத் தோலையே செயற்கையாகத் தடிமனாக்கியிருக்கிறார்கள். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதன் வெளிப்புறத்தில் மெல்ல வைத்தால் முள் அசையாது. கீறல் விழுந்து உள்ளே வெள்ளை தெரியும் இடத்தில் வைத்தால் உடனே அசையும். செம்பின் மேலும் ஆக்சைடு படிவதுண்டு. ஆனால் அது மென்மையானது, திருகாணியை இறுக்கினால் உடைந்து வழிவிடும். அலுமினியத்தைச் சுரண்டாமல் அப்படியே முறுக்கினால், உலோகத்தோடு உலோகம் சேர்வதில்லை. தோலோடு தோல்தான் உரசிக்கொண்டு நிற்கிறது. சில புள்ளிகளில் மட்டும் தோல் கிழிந்து மின்னோட்டம் கடக்கிறது. அகலமான சாலை குறுகிய சந்தாக ஆகிவிடுகிறது.

இரண்டாவது, அலுமினியம் அழுத்தத்துக்கு நழுவும் உலோகம். வெயில் காலத்தில் சாய்வாக வைத்த மெழுகுவர்த்தி உருகாமலே சில நாளில் வளைந்துவிடுவதைக் கண்டிருப்பீர்கள். திருகாணியின் அடியில் மாட்டிய அலுமினியமும் அவ்வாறே மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பிதுங்கி ஒதுங்கும். இதனோடு வெப்பத்தால் விரிவதும் சேர்ந்துகொள்கிறது. ஒரு மீட்டர் செம்புக் கம்பியை 50 டிகிரி சூடேற்றினால் 0.85 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் 1.15 மில்லிமீட்டர் நீளும். காலையில் கெய்சரைப் போட்டதும் இணைப்பு சூடாகிறது. அலுமினியம் மற்றவற்றைவிட மிகுதியாக விரியப் பார்க்கிறது, திருகாணி விடுவதில்லை, ஆகவே பக்கவாட்டில் பிதுங்குகிறது. அணைத்ததும் ஆறிச் சுருங்குகிறது. ஆனால் பிதுங்கியது பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. மயிரிழை இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் காற்று நுழைந்து புதிய தோல் படிகிறது. தடை கூடுகிறது, மறுநாள் இன்னும் சற்று மிகுதியாகச் சூடாகிறது, மறுநாள் இன்னும் சற்று மிகுதியாக நழுவுகிறது. கடன் வாங்கியவரின் வட்டி குட்டி போடுவதுபோல இது தானே பெருகும்.

மூன்றாவது ஈரம். இதன் கதை இத்தாலியில் தொடங்குகிறது. பொலோனா நகரத்துப் பேராசிரியர் கால்வானி, இரு வேறு உலோகங்கள் பட்டபோது இறந்த தவளையின் கால் துடிப்பதைக் கண்டு 1791-இல் எழுதினார். மின்சாரம் தவளையின் உடலிலேயே இருக்கிறது என்பது அவர் கருத்து. பாவியா நகரத்து வோல்ட்டா அதை ஏற்கவில்லை. உலோகங்கள் இரண்டு வேறாக இருப்பதும் இடையில் ஈரம் இருப்பதுமே காரணம் என்று வாதிட்டார். இரு உலோக வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, இடையிடையே உப்புநீரில் நனைத்த துணியை இட்டு அடுக்கி, 1800-இல் தம் மின்கல அடுக்கை உலகுக்குக் காட்டினார். அன்று முதல் மின்கலம் என்பது நமக்கு ஓர் அரிய நன்மை. அதே மின்கலம் கேட்காமலே நம் சுவருக்குள் பிறந்தால்?

இச்சோதனையை ஆய்வுக்கூடத்தில் செய்து பாருங்கள். ஒரு செம்புத் தகடு, சுரண்டிய ஓர் அலுமினியத் தகடு, இடையில் உப்புநீரில் நனைத்த மைஒற்றுத்தாள். இரு தகடுகளையும் வோல்ட்மீட்டரில் இணையுங்கள். முள் அரை வோல்ட்டை ஒட்டி நிற்கும். பாடநூல் அட்டவணையில் செம்புக்கு +0.34, அலுமினியத்துக்கு −1.66 என்றிருக்கிறதே, 2 வோல்ட் வரவேண்டாமா என்று ஒரு கெட்டிக்காரி கேட்பாள். நல்ல கேள்விதான். மேலே சொன்ன தோல்தான் அலுமினியத்தை முழுவீச்சில் இறங்கவிடாமல் தடுக்கிறது. இருந்தாலும் அரை வோல்ட் போதும். ஈரம் உள்ளவரை அலுமினியம் சிறிது சிறிதாகக் கரைந்து வெள்ளைப் பொடியாகும். செம்புக்கு ஒன்றும் ஆகாது. கடற்கரை ஊர்களில் காற்றிலேயே உப்பிருக்கிறது. குளியலறைச் சுவரிலும், மழைக்காலத்தில் ஊறும் மொட்டைமாடிச் சுவரிலும் ஈரத்துக்குக் குறைவில்லை.

இரு உலோகங்களின் இப்பகை வீட்டுக் கம்பியோடு நிற்பதில்லை. 1886-இல் நியூயார்க் துறைமுகத்தில் நிறுவிய சுதந்திர தேவி சிலைக்கு வெளியே செம்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம். இரண்டும் தொட்டுவிடாதபடி இடையில் வைத்த பொருள் காலப்போக்கில் பழுதாகி, கடற்காற்றின் ஈரத்தில் இரும்புப் பட்டைகள் அரித்துப்போயின. 1986-இல் நூற்றாண்டு விழாவுக்கு முன் அவற்றைக் களைந்து துருப்பிடிக்காத எஃகை வைத்தார்கள். மின்கம்பங்களிலும் இரு உலோகக் கம்பிகள் அடுத்தடுத்து வரும்போது, செம்பு மேலே இருக்கலாகாது என்பது வழக்கம். செம்பின் மேல் பட்டு வடியும் மழைநீர் கீழே உள்ள அலுமினியத்தை அரித்துவிடும்.

இவ்வளவு நடந்தும் வீட்டிலுள்ள பியூஸ் ஏன் போவதில்லை? இதைத்தான் எல்லாரும் கவனிக்கவேண்டும். பத்தாம் வகுப்பில் படித்த ஜூல் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்திறன் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கி வருவது. 230 வோல்ட்டில் 2,000 வாட் கெய்சர் 8.7 ஆம்பியர் எடுக்கும். நல்ல இணைப்பின் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அங்கே பிறக்கும் வெப்பம் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கெட்டுப்போன இணைப்பின் தடை 0.3 ஓம் ஆகிவிட்டதென்று வையுங்கள். கெய்சரின் தடையோடு இதுவும் சேர்வதால் மின்னோட்டம் 8.6 ஆம்பியராகக் குறைகிறது. 8.6-இன் வர்க்கத்தை 0.3-ஆல் பெருக்கினால் 22 வாட்! ரேடியோ பழுது பார்ப்பவரின் மேசையில் ஈயத்தை உருக்குகிறதே சால்டரிங் அயர்ன், அது 25 வாட். ஏறத்தாழ அப்படி ஒன்றைச் சுவிட்சை அணைக்காமல் சுவர்ப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறைகளுக்கு நடுவே வைத்து மூடியதற்கு இது சமம்.

பியூஸுக்குத் தெரிவது மின்னோட்டம் கூடியதா என்பது மட்டுமே. இங்கே கூடவில்லை, சிறிது குறைந்திருக்கிறது. எம்.சி.பி.யும் அப்படியே. கசிவைக் கண்டறியும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியோ, போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். இங்கே முழுவதும் திரும்பி வருகிறது. மூன்று காவலாளிகளும் விழித்திருக்க, திருடன் அவர்கள் நடுவே நடந்து போகிறான். "எங்கள் வீட்டில் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறோம், தானே அணைந்துவிடும்" என்று சொல்லும் பெற்றோரிடம் இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டலாம்.

இந்தப் பாடத்தை அமெரிக்கர்கள் உயிர் கொடுத்துக் கற்றார்கள். 1965-ஐ ஒட்டி அங்கே செம்பின் விலை ஏறியது. வீடு கட்டியவர்கள் அலுமினியத்துக்கு மாறினார்கள். 1972 வரையில் லட்சக்கணக்கான வீடுகளில் அறைக்கு அறை அலுமினியம் ஓடியது. செம்புக்கென்று செய்த சுவிட்சுகளிலும் பிளக்குகளிலும் அதையே மாட்டினார்கள். திருகாணிகள் பலவும் எஃகு. எஃகு அலுமினியத்தில் பாதியளவே விரியும். 1974-இல் நியூயார்க் மாநிலத்து ஹாம்டன் பேஸ் என்ற ஊரில் ஒரு வீடு எரிந்து இருவர் மாண்டனர். பிளக் பாயிண்டில் அலுமினியக் கம்பியின் இணைப்பு சூடேறியதே காரணம் என்று தெரிந்தது. அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதை ஆராயச் செய்தது. 1972-க்கு முன் செய்த அலுமினியக் கம்பி ஓடும் வீட்டில், பிளக் பாயிண்டு இணைப்பு ஒன்றாவது தீ அபாய நிலையை எட்டும் வாய்ப்பு, செம்புக் கம்பி வீட்டைவிட 55 மடங்கு என்று அந்த ஆய்வு கண்டது. 55 மடங்கு வீடுகள் எரிந்தன என்று இதற்குப் பொருளன்று. எரியக்கூடிய நிலைக்கு வந்த இணைப்புகளின் கணக்கு இது. பின்னர் கம்பிக்கான அலுமினியக் கலவையைத் திருத்தினார்கள், திருகாணிகளையும் மாற்றினார்கள். பழைய வீடுகளுக்கு அந்த ஆணையம் சொல்லும் முதல் வழி, முழுவதும் செம்புக் கம்பி மாற்றுவதே. இயலாவிட்டால் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியைத் தனிப் பொறியால் உலோகக் குழலுக்குள் நசுக்கிச் சேர்ப்பது, அல்லது அதற்கென்றே செய்த கனெக்டரை இடுவது. வெறுமனே முறுக்கி மூடி போடுவதை நிலையான பழுதுநீக்கமாக அது ஏற்கவில்லை.

நம் ஊரில் என்ன செய்யலாம்? என் எண்ணத்தில் கெய்சர், ஏ.சி. போன்ற பெருஞ்சுமைக்குப் பழைய அலுமினியத்தோடு ஒட்டுப்போடுவதே கூடாது. மெயின் போர்டிலிருந்து தனியாகச் செம்புக் கம்பி இழுத்து, அதற்கென்று ஓர் எம்.சி.பி. வைப்பதுதான் முறை. செலவு சிறிது கூடும். கெய்சர் வாங்கும்போதே அதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். விளக்கு, மின்விசிறி போன்ற சிறு சுமைக்குச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால், இரு உலோகமும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு நடுவரை வைத்துச் சேர்க்கவேண்டும்.

அந்த நடுவர் நம் பாட்டிமார்களுக்குப் பழக்கமானவரே. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தெருவில் துருத்தியும் கரியுமாக வந்து உட்கார்ந்த காலம் உண்டு. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவித் துணியால் துடைத்ததும் அழுக்கு அகலும். ஈயக் குச்சியைத் தேய்த்து இழுத்தால் உட்புறம் வெள்ளி போலாகும். புளிக்குழம்புக்கும் பித்தளைக்கும் நடுவே அந்த மெல்லிய படலம் நின்று களிம்பு ஏறாமல் காத்தது. அங்கே பூசவேண்டியது வெள்ளீயம், காரீயம் நஞ்சு. மின்வேலையிலும் அதே வெள்ளீயந்தான் உதவுகிறது. அதன் மின்னழுத்தம் −0.14, செம்புக்கும் அலுமினியத்துக்கும் இடைப்பட்டது. பழைய ரப்பர் உறைக் கம்பியை உரித்தால் உள்ளே செம்பு வெள்ளையாகத் தெரிவதற்கும் வெள்ளீயப் பூச்சே காரணம். ரப்பரில் கலந்த கந்தகம் செம்பைக் கெடுக்காதிருக்க அப்படிச் செய்தார்கள். வெள்ளீய முலாம் பூசிய உலோகக் கட்டையில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித் துளையும் தனித் திருகாணியும் வைத்த கனெக்டர்கள் உண்டு. ஒரு துளையில் செம்பு, மற்றதில் அலுமினியம். இரண்டும் சந்திப்பதே இல்லை. பருமனான கேபிளுக்கு ஒரு பாதி செம்பும் மறுபாதி அலுமினியமுமாகத் தொழிற்சாலையிலேயே ஒட்டவைத்த பைமெட்டல் லக் கிடைக்கிறது. கனெக்டரை வாங்கும்போது அது இரு உலோகத்துக்கும் ஏற்றது என்று அதன்மேலோ பெட்டியின்மேலோ எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெறும் பித்தளைக் கனெக்டர் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

அலுமினியத்தை உரிப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. கத்தியை வட்டமாகச் சுற்றி உறையை அறுத்தால் உள்ளே கம்பியில் கீறல் விழும். அலுமினியம் கீறல் விழுந்த இடத்தில் நாலைந்து முறை வளைத்தால் ஒடிந்துவிடும். பென்சில் சீவுவதுபோலச் சாய்வாகச் சீவவேண்டும். பிறகு தோலை நீக்குவதற்கு, காற்றுப் படாமல் தடுக்கும் பசையைத் தடவி, அந்தப் பசைக்கு உள்ளாகவே எமரித் தாளால் தேய்ப்பார்கள். துத்தநாகத் துகள் கலந்த பசை இதற்கென்று விற்கிறார்கள். பசையைத் துடைக்காமல் அப்படியே துளைக்குள் விட்டு இறுக்கினால், காற்றும் ஈரமும் உள்ளே போக வழியில்லை. இறுக்குவதும் அளவோடு. தளர்ந்தால் சூடாகும், வெறியோடு முறுக்கினால் அலுமினியம் நசுங்கிப் பிதுங்கும்.

இழைக் கம்பியைத் திருகாணியில் மாட்டும்போது இழைகள் சிதறாதிருக்க நுனியில் சால்டர் வைப்பவர்கள் உண்டு. வெள்ளீயம் நல்லதென்று இப்போதுதானே சொன்னீர்கள் என்பீர்கள். மெல்லிய பூச்சு வேறு, கட்டியாக உறைந்த சால்டர் வேறு. அந்தக் கட்டியும் அழுத்தத்துக்கு நழுவித் திருகாணியைத் தளர்த்திவிடும். நுனியில் குழல் மாட்டி நசுக்குவதே சரி.

இவற்றையெல்லாம் நீங்களே செய்யவேண்டும் என்பதற்காக எழுதவில்லை. மின்வேலையை உரிய சான்றிதழ் பெற்ற மின் கம்பியாள்தான் செய்யவேண்டும் என்பது சட்டம். ஆனால் வீட்டில் நாள் முழுதும் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியவரும் சில அடையாளங்கள் உண்டு. கெய்சரோ இஸ்திரிப்பெட்டியோ ஓடும்போது சுவிட்சுப் பலகையைப் புறங்கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது. (ஈரக்கை கூடாது, மூடி உடைந்திருந்தால் தொடவே கூடாது.) ஒன்றைப் போட்டால் அதே வரிசையிலுள்ள மற்றொரு விளக்கு சிமிட்டுவது. பலகைக்குள் மெல்லிய சரசர ஒலி. பிளாஸ்டிக் தீயும் வாடை; சிலருக்கு அது மீன் வாடைபோலத் தோன்றும். பிளக்குக் குழியைச் சுற்றிப் பழுப்பேறுவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தச் சுமையை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். "நேற்றும் இப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். நேற்றைவிட இன்று தடை கூடியிருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். அங்கே நியூட்ரல் கம்பியின் இணைப்பு கெட்டு விட்டுப்போனால் மின்சாரம் நிற்காது. சுமையைப் பொறுத்து, சில பிளக்குகளில் 230-க்குப் பதிலாக 400 வோல்ட் வரையில் ஏறிவிடலாம். மற்றவற்றில் விளக்கு மங்கும். ஓர் அறை விளக்கு கண்ணைப் பறிக்க மற்றோர் அறை விளக்கு மங்கினால், காரணத்தை ஆராய்ந்துகொண்டு நிற்காமல் முதலில் மெயினை அணைக்கவேண்டும். டி.வி.யும் பிரிட்ஜும் ஒரே நிமிடத்தில் புகைந்த வீடுகள் உண்டு.

கம்பியாள் வேலை முடித்ததும், பெட்டியை மூடுமுன், "அண்ணா, ஜாயின்ட்டை ஒருமுறை காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் மகிழ்ச்சியோடு காட்டுவார். கனெக்டர் இருக்கிறதா, ஒரு துளைக்கு ஒரு கம்பிதானா, டேப்பு மட்டும் சுற்றிய முறுக்கு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். டேப்பு கையில் ஷாக் அடிக்காமல் மூடுவதற்கே. கம்பியைச் சேர்த்துப் பிடிப்பதற்கன்று. அந்தப் பெட்டியின்மேல் சிமென்ட் பூசிச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடக் கூடாது. மூடியின் உட்புறத்தில் "செம்பு – அலுமினியம்" என்றும் வேலை நடந்த தேதியையும் பென்சிலால் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பத்தாண்டு கழித்து அதைத் திறப்பவருக்கு வேண்டியிருக்கும்.